நம் வீட்டு விளக்கும் நுரைச்சோலை நெருப்பும்

அரிசி எந்த ஊர் நெல்லில் குத்தியது, மீன் எந்தத் துறையில் பிடித்தது, தேங்காய் முற்றியதா என்றெல்லாம் கேட்டறிந்த பின்னரே நம் குடும்பத் தலைவியர் காசை எண்ணிக் கொடுப்பர். ஆனால் அந்தி மயங்கியதும் சுவரிலுள்ள ஆளியை அழுத்தி விளக்கை ஏற்றும்பொழுது, ‘இந்த மின்சாரம் எங்கே, எதை எரித்து உண்டாக்கப்பட்டது?’ என்று கேட்போர் நம்முள் எத்தனை பேர்? மாத முடிவில் வரும் பட்டியலும் அதைச் சொல்வதில்லை. செலவிட்ட அலகுகளும் செலுத்த வேண்டிய தொகையுமே அதிற் காணப்படுகின்றன.

சமையலறையில் இந்த ஆராய்ச்சியை நாம் நாள்தோறும் செய்கிறோம். விறகு மலிவானது, ஆனால் புகை கண்ணைக் கரிக்கும், சுவர் கறுக்கும், சாம்பலைக் கொட்ட இடம் வேண்டும். மண்ணெண்ணெய் அடுப்பு விரைவிற் பற்றும். நாற்றமும் விலையும் அதற்கு உண்டு. வாயு அடுப்பு துப்புரவானது. ஆனால் உருளை தீர்ந்து, கடையிலும் கிடைக்காவிட்டால் என்னவாகும் என்பதை 2022 ஆம் ஆண்டில் தெருவோரத்தில் வரிசையாய் நின்ற எவரும் மறந்திரார்.

ஒரு நாட்டின் மின்சாரமும் இத்தகைய அடுப்புகளிலிருந்தே பெரும்பாலும் வருகிறது. எந்த அடுப்பைத் தெரிந்துகொள்வது என்பது அரசுக்கும் பொறியியலாளருக்கும் மட்டும் உரிய கேள்வியன்று; விளக்கேற்றும் ஒவ்வொரு வீட்டிற்கும் உரியது. அக்கேள்வியின் எல்லாப் பக்கங்களையும் ஒருங்கே காணத்தக்க இடம் நம் நாட்டில் உண்டென்றால், அது புத்தளம் மாவட்டத்துக் கரையோரமேயாகும்.

கற்பிட்டி வீதியில்

புத்தளத்திலிருந்து கொழும்பு வீதியிற் சிறிது தூரம் தெற்கே வந்தால் பாலாவிச் சந்தியை அடைவோம். அங்கிருந்து பிரிந்து செல்லும் கற்பிட்டி வீதி, ஒருபுறம் களப்பும் மறுபுறம் பெருங்கடலுமாக அமைந்த நீண்ட மணல் நிலத்தின் வழியே செல்கிறது. உப்பளங்களையும் தென்னந்தோப்புகளையும் கடந்தால், ஆழமில்லாக் கிணறுகளின் நன்னீரை இறைத்து வளர்க்கும் வெங்காயப் பாத்திகளும் மிளகாய்த் தோட்டங்களும் காணப்படும். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும், கத்தோலிக்க மீனவரும், 1990 ஆம் ஆண்டில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்களும் அயலயலாய் வாழும் நிலம் இது.

இவ்வீதியிற் செல்வோரின் கண்ணில் இரண்டு காட்சிகள் படும். ஒன்று, மெல்லச் சுழலும் காற்றாலைகள். மற்றொன்று, கடற்கரையோரம் வானை நோக்கி நிற்கும் உயர்ந்த புகைபோக்கி. நுரையும் சோலையும் சேர்ந்த அழகிய பெயருடைய நுரைச்சோலையில் அமைந்த ‘லக்விஜய’ அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி அது. இலங்கையின் ஒரேயொரு நிலக்கரி மின் நிலையமும், மின் நிலையங்கள் யாவற்றினும் பெரியதும் இதுவே. 300 மெகாவாட் வலுவுடைய மூன்று பொறித்தொகுதிகள், ஆக 900 மெகாவாட். நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இங்கிருந்தே வருகிறது.

நிலக்கரி வந்த கதை

ஒரு காலத்தில் நம் நாட்டிற்கு இத்தகைய அடுப்புகள் அதிகம் தேவைப்படவில்லை. மலையிலிருந்து விழும் நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அவருடைய எண்ணம் 1950 இல் லக்சபானவில் நிறைவேறியது. பின்னர் மகாவலித் திட்டத்தின்கீழ் 1985 இல் 210 மெகாவாட் வலுவுடைய விக்டோரியா நிலையம் எழுந்தது. மழை பெய்தது, ஆறு ஓடியது, விளக்கு எரிந்தது.

ஆனால் மழையை நம்பிய குடும்பம் வறட்சியில் வாடுவது இயல்பன்றோ? 1996 ஆம் ஆண்டில் நீர்த்தேக்கங்கள் வற்றின. நாடு முழுவதும் நீண்ட மின்வெட்டு. அதன் பின்னர் எண்ணெயால் இயங்கும் நிலையங்கள் பல தோன்றின. எண்ணெய் நிலையத்தை விரைவிற் கட்டிவிடலாம். ஆனால் அதில் எடுக்கும் ஒவ்வோர் அலகும் விலை உயர்ந்தது. ஆகவே, கட்டுவதற்குப் பெரும் பணம் வேண்டினும் எரிப்பதற்கு மலிவான நிலக்கரியை நாடினர்.

நிலக்கரி நிலையத்தை எங்கே அமைப்பது என்பதில் நெடுங்காலம் வாதம் நிகழ்ந்தது. திருகோணமலை பேசப்பட்டது, நுரைச்சோலையும் பேசப்பட்டது. நுரைச்சோலைக்கு அண்மையிலேயே தலவில் புனித அன்னாள் ஆலயம் உள்ளது. ஆவணித் திருவிழாவிற்கு நாடெங்குமிருந்து மக்கள் திரளும் அத்தலத்தின் அருகே நிலக்கரி எரிவதைக் கத்தோலிக்கத் திருச்சபையினரும் மீனவரும் எதிர்த்தனர். எதிர்ப்பினாற் பலமுறை பின்போடப்பட்ட வேலை 2006 ஆம் ஆண்டில், சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனுதவியோடு தொடங்கியது. முதற் பொறித்தொகுதி 2011 மார்ச்சில் இயங்கியது. ஏனைய இரண்டும் 2014 இல் முற்றுப்பெற்றன. தொடக்க ஆண்டுகளில் இந்நிலையம் அடிக்கடி பழுதுற்று நின்றதை வாசகர்கள் நினைவுகூர்வர். எனினும் ஓடிய காலங்களில் எண்ணெய்க்குச் செல்லவிருந்த பெரும் பணத்தை அது மிச்சப்படுத்தியது என்பதை மறுப்பதற்கில்லை.

ஓர் அலகின் பின்னே

நிலக்கரி மின்சாரமாவது எவ்வாறு? மாணவர்களுக்காகச் சற்று விளக்குவோம். கரியை மாவு போல அரைத்து, காற்றோடு கலந்து கொதிகலத்தின் அடியில் எரிப்பர். அந்த வெப்பத்தினால் நீர் கொதித்துப் பேரழுத்த நீராவியாகும். நீராவி சுழலியின் தகடுகளைச் சுழற்ற, சுழலி மின்பிறப்பாக்கியைச் சுழற்றும். வேலை முடிந்த நீராவியைக் குளிரச் செய்து மீண்டும் நீராக்கக் கடல்நீர் உதவுகிறது. கரியிலுள்ள வெப்பத்தில் நூற்றுக்கு நாற்பது பங்குகூட மின்சாரமாவதில்லை. எஞ்சியது புகைபோக்கி வழியே வானுக்கும், குளிர்விக்கும் நீர் வழியே கடலுக்கும் போகிறது.

ஓர் அலகு மின்சாரத்திற்கு ஏறக்குறைய 400 கிராம் கரி வேண்டும் என்று கொள்வோம். மூன்று பொறித்தொகுதிகளும் முழு வலுவில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் எரியும் கரி 360 தொன். ஒரு நாளில் 8,600 தொன்னுக்கு மேல். பழுதுபார்க்கும் நாட்களைக் கழித்துப் பார்த்தாலும் ஆண்டொன்றுக்கு இருபது இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட கரி தேவைப்படுகிறது. ஒரு கப்பலில் 60,000 தொன் வருமெனின், ஆண்டுதோறும் முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் வர வேண்டும்.

தமிழ்நாட்டின் நெய்வேலியில் நிலத்தைத் தோண்டினால் பழுப்பு நிலக்கரி கிடைக்கிறது. சுரங்கத்தின் வாயிலிலேயே மின் நிலையம் நிற்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை. இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, ருஷ்யா முதலிய நாடுகளிலிருந்து டொலர் கொடுத்தே வாங்க வேண்டியிருக்கிறது.

காற்று மூடும் கடல், காற்று திறக்கும் வாயில்

கப்பல்கள் வந்தாலும் நேரே கரையை அணுக முடியாது. கரையோரக் கடல் ஆழமற்றது. எனவே அவை தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, பாரப் படகுகளில் கரியை இறக்கி இறங்குதுறைக்குக் கொணர்வர். கடல் அமைதியாய் இருந்தாலன்றி இவ்வேலை நடவாது. வைகாசியிற் சோளகம் வீசத் தொடங்கினால் கற்பிட்டிக் கடல் கொந்தளிக்கும். புரட்டாசி வரை அலை அடங்காது. ஆகவே ஆண்டு முழுவதற்கும் வேண்டிய கரியை ஏறக்குறைய ஆறேழு மாதங்களுக்குள் இறக்கி முற்றத்தில் மலைபோற் குவித்துவிட வேண்டும். மாரிகாலத்துக்கு நெல்லைச் சேமிக்கும் குடும்பத்தைப் போன்றது இது. பணமுடையினாலோ கேள்விப்பத்திரத் தாமதத்தினாலோ சில கப்பல்கள் தவறினால், அக்குறையை ஆடி மாதத்திற் கடலுக்குச் சென்று நிரப்பிக்கொள்ள இயலாது.

இங்கேதான் இந்தக் கரையோரம் நமக்கு ஒரு பாடத்தைக் கற்பிக்கிறது. கரிக் கப்பலின் வழியை அடைக்கும் அதே சோளகக் காற்று, பக்கத்திலேயே நிற்கும் காற்றாலைகளை முழு வேகத்திற் சுழற்றுகிறது! மாம்புரியிலும், களப்போரத்துச் சேகுவன்தீவிலும் 2010 ஆம் ஆண்டளவில் நாட்டப்பட்ட காற்றாலைகள் ஒவ்வொரு தொகுதியும் ஏறக்குறைய 10 மெகாவாட் வலுவுடையவை. வடக்கே மன்னாரில் ‘தம்பபவனி’ என்னும் பெயரால் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட நிலையத்தில் 30 காற்றாலைகள் சேர்ந்து 100 மெகாவாட்டுக்குச் சற்று அதிகமாகத் தருகின்றன. அதே பருவத்தில் மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் மழை பெய்து லக்சபான நீர்த்தேக்கங்கள் நிரம்புகின்றன. தை முதற் சித்திரை வரை மழை குறையும். ஆனால் வெயில் எரிக்கும். கடலும் அமைதி கொள்ளும். இயற்கை ஒரு கையால் அடைத்ததை மறு கையாற் கொடுக்கிறது. கணக்குப் பார்க்கத் தெரிந்த குடும்பத்திற்கு இது சிறிய உதவியன்று.

பட்டியலில் வராத செலவு

எரிபொருளின் விலை பட்டியலோடு முடிவதில்லை. எரிந்த கரியில் நூற்றுக்குப் பத்துப் பங்கு சாம்பலாகும் என்று கொண்டாலும், ஆண்டுக்கு இரண்டு இலட்சம் தொன் சாம்பல் சேரும். புகையோடு பறக்கும் நுண்சாம்பலை மின்கவர்ச்சியினாற் பிடித்துவிடலாம். அதை வாங்கிச் சீமெந்தோடு கலப்பதும் நடைபெறுகிறது. குப்பையையும் பொருளாக்கும் நல்ல வழி அது. ஆயினும் எஞ்சிய சாம்பல் நிலத்திற் குவிகிறது. கரி முற்றமோ திறந்த வெளியில் உள்ளது. கடலிலிருந்து காற்றுப் பலமாக வீசும்பொழுது கரித்தூளும் சாம்பலும் அயற் கிராமங்களை நோக்கிச் செல்கின்றன. கொடியில் உலர்த்திய துணியிலும் பயிரின் இலையிலும் அது படிவதாகவும், பிள்ளைகளுக்கு இருமலும் தோல் நோயும் உண்டாவதாகவும் அங்குள்ளோர் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். வலை வீசும் இடம் சுருங்கியதென்பது மீனவரின் குறை. கொழும்பில் எரியும் விளக்கின் செலவில் ஒரு பகுதியை நுரைச்சோலை வெங்காயத் தோட்டக்காரரே செலுத்துகிறார் என்று கூறினால் அது மிகையாகாது.

இதற்கும் மேலாக வானத்துக் கணக்கு ஒன்றுண்டு. நிலக்கரியால் எடுக்கும் ஓர் அலகு மின்சாரத்திற்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராம் கரியமில வாயு காற்றிற் கலக்கிறது. எண்ணெயாயின் ஏறக்குறைய 700 கிராம்; நவீன இயற்கை வாயு நிலையமாயின் 400 கிராம். பூமி வெப்பமடைவதற்கு இதுவே முதற் காரணம். களப்புக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் கற்பிட்டி போன்ற தாழ்ந்த மணல் நிலத்திற்கு, உயர்ந்து வரும் கடல் மட்டத்தைக் காட்டிலும் பெரும் பகை வேறுண்டோ?

எண்ணெய் நல்லதா?

நிலக்கரியைக் குறை கூறியதும் எண்ணெய் நல்லதென்று எண்ணிவிடலாகாது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தைக் கேட்டால் சொல்லும். அங்கே மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்ததனால் சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் பழுதடைந்தன. ஆறு இல்லாத யாழ் மண்ணில் கிணறே உயிர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, மின் உற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்காக இரண்டு கோடி ரூபா செலுத்த வேண்டுமென விதித்தது.

எண்ணெயின் மற்றொரு குறை அதன் விலை. 2022 ஆம் ஆண்டில் டொலர் தீர்ந்தபொழுது எண்ணெய் வாங்க வழியில்லை. மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் மெழுகுதிரி வெளிச்சத்தில் இருந்த அந்நாட்களை எளிதில் மறக்க முடியுமா? எண்ணெய்க்கு உள்ள பெருமை ஒன்றே: வேண்டும்பொழுது சில நிமிடங்களிற் பற்றவைத்து, வேண்டாதபொழுது அணைத்துவிடலாம்.

இயற்கை வாயுவோ மூன்று எரிபொருள்களிலும் துப்புரவானது, சாம்பல் இல்லை. ஆனால் அதைக் கப்பலில் ஏற்ற வேண்டுமெனின் பூச்சியத்துக்குக் கீழே 162 பாகை வரை குளிரச் செய்து திரவமாக்க வேண்டும். இறக்குவதற்கும் தனித் துறை வேண்டும். கெரவலப்பிட்டியில் வாயுவுக்கேற்ற நிலையங்கள் எழுந்தும், அத்துறை அமையாமையால் எண்ணெயை எரித்தே அவை ஓடத் தொடங்கின. புத்தளத்திற்கும் மன்னாருக்கும் எதிரேயுள்ள கடலடியில் வாயு இருப்பதாக 2011 இல் இரண்டு கிணறுகள் காட்டின. ஆயினும் துளையிட்ட நிறுவனம் சில ஆண்டுகளில் விலகிச் சென்றது. வாயு கடலடியிலேயே கிடக்கிறது.

கற்பிட்டிக்கு நேர் மேற்கே, கடலுக்கு அப்பால் 220 கிலோமீற்றர் தூரத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம் இயங்குகிறது. அதன் ஒரு பொறித்தொகுதியே 1,000 மெகாவாட். பரந்த இந்தியாவுக்கு அது பொருந்தும். நம் நாட்டின் உச்சத் தேவையோ 3,000 மெகாவாட்டை ஒட்டியது. அத்தனை பெரிய பொறி ஒன்று திடீரென நின்றால் வீடே இருண்டுவிடும்.

இது வெறும் கற்பனையன்று. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள், பாணந்துறை உபமின்நிலையக் கோளாற்றினால் நாடு முழுவதும் இருண்டது. சில மணி நேரத்திற் பல இடங்களுக்கு மின்சாரம் திரும்பியது; நுரைச்சோலையின் மூன்று பொறித்தொகுதிகளோ திரும்பச் சில நாட்கள் சென்றன. அதுவரை சுற்றுமுறையில் மின்வெட்டு. பெரிய அடுப்பு அணைந்தால் மீண்டும் மூட்ட நேரமாகும் என்பதை அன்று யாவரும் அறிந்தோம்.

காற்றுக்கும் வெயிலுக்கும் குறை இல்லையா?

உண்டு. காற்று நம் ஏவலுக்கு வீசுவதில்லை. ஆண்டுச் சராசரியில் ஒரு காற்றாலை தன் முழு வலுவில் மூன்றிலொரு பங்கோ சற்று அதிகமோதான் தரும். மன்னார்த் தீவு, வடதிசையிலிருந்து வரும் புலம்பெயர் பறவைகளின் வழியில் உள்ளது. மேலும் காற்றாலைகள் நாட்டினால் வெள்ளநீர் வடியாது, வாழ்வு கெடும் என்று மன்னார் மக்கள் 2025 இற் போராடினர். நுரைச்சோலையாரின் குரலைக் கேளாமற் செய்த பிழையை அங்கும் செய்யலாகாது.

வெயிலின் குறை வேறு. உச்சிப்பொழுதில் கூரைகளின் மேலுள்ள சூரியத் தகடுகள் வாரி வழங்குகின்றன. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்சாரம் மிஞ்சியதால், அவற்றைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. ஆனால் நாம் அதிகம் செலவிடுவது மாலை ஆறரை முதல் ஒன்பதரை வரையன்றோ? அப்பொழுது சூரியன் கற்பிட்டிக் கடலில் மறைந்துவிடுகிறான். பகலின் மிச்சத்தை மின்கலங்களிற் சேர்ப்பதும், அதனால் நீரை மேலேற்றி வைத்து இரவில் இறக்கி மின்னெடுப்பதுமே இதற்கு மருந்து. அந்தப் பத்தாயங்களைக் கட்டும் வேலை நம்முன் கிடக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

புதிய நிலக்கரி நிலையங்களைக் கட்டுவதில்லை என்று 2021 செப்டம்பரில் வேறு சில நாடுகளோடு சேர்ந்து இலங்கையும் உறுதி கூறியது. சம்பூரில் இந்தியாவோடு சேர்ந்து கட்டவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் 2016 இற் கைவிடப்பட்டது. அங்கே சூரிய மின் நிலையத்திற்கு 2025 ஏப்ரலில் தொடக்கவிழா நடைபெற்றது. ஆயினும் நுரைச்சோலையை நாளையே அணைத்துவிட எவராலும் இயலாது. காற்றும் நீரும் வெயிலும் அவற்றைச் சேமிக்கும் பத்தாயமும் பெருகப் பெருகவே அந்த நெருப்பைப் படிப்படியாகத் தணிக்கலாம். அதுவரை கரி முற்றத்துத் தூசியை அடக்குவதும், அயல்வாழ் மக்களின் முறையீட்டுக்குச் செவிசாய்ப்பதும் தருமமன்று. நாம் கொடுக்க வேண்டிய கடன்.

குறையே இல்லாத அடுப்பு எங்குமில்லை. ஆகையால் எந்த எரிபொருளைப் பற்றிப் பேசினாலும், அலகொன்று எத்தனை ரூபா என்பதோடு நில்லாமல் மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்போமாக: அது எங்கிருந்து வருகிறது? எந்தக் காலத்தில் வராமல் நிற்கும்? எரிந்தபின் அதன் சாம்பல் யார் முற்றத்தில் விழுகிறது?

நம் வீட்டளவில் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. துணியைத் தேய்ப்பதையும், கிணற்று நீரை இயந்திரத்தால் இறைப்பதையும் மாலையில் வைத்துக்கொள்ளாது, வெயில் எரிக்கும் நண்பகலுக்கு மாற்றிக்கொள்ளலாம். விலை உயர்ந்த எண்ணெய் பெரும்பாலும் எரிவது அந்த மாலை மூன்று மணி நேரத்திலேதான். நாடெங்கும் உள்ள வீடுகள் அதைச் செய்யின் எத்தனை கப்பல் எண்ணெய் மிஞ்சும் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். அடுத்த முறை ஆளியை அழுத்தும்பொழுது, கரி சுமந்து வரும் பாரப் படகையும், சோளகத்திற் சுழலும் காற்றாலையையும், துணியிற் படிந்த தூசியைத் தட்டி உதறும் நுரைச்சோலைத் தாயையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.